கூலிக்குக் கட்டிய வாட்ச்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்குக் கோபம் இல்லை. நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் எனக்குக் கதை கட்டத் தெரியாது. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். நடந்ததை எழுதவே விரல் வலிக்கிறது, நடக்காததை யார் எழுதுவது? இது என் தங்கச்சி புருஷனுக்கு நடந்தது. அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். கடைசியாக நடந்ததை மட்டும் நானே பார்த்தேன். ராத்திரியில் இல்லை. பட்டப்பகலில்.

மச்சானும் நானும் ஒரே குடோனில் மூட்டை தூக்கினவர்கள். அவன் இடது கைக்காரன். மூட்டைக் கொக்கியை இடது கையில் பிடித்து இழுத்தான் என்றால் அடுக்கே அவன் பின்னால் வருகிற மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தான். தங்கச்சி ஊர்த்துணியை எல்லாம் இஸ்திரி போட்டு வீட்டை ஓட்டினாள்.

அப்போதுதான் ஒரு பங்களாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு, கை நன்றாக இருந்தால் போதும் என்றார்களாம்.

அந்தப் பங்களாவின் பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவருடைய இடது கை மடியில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. மச்சானின் மணிக்கட்டை வலது கையால் பிடித்து, திருப்பி, எலும்பை அமுக்கிப் பார்த்தார். வெயிலில் நிற்க வைத்து, அரை மணி கழித்துக் கூப்பிட்டு, மறுபடி தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வேர்க்கவில்லை. அதோடு வேலை கிடைத்துவிட்டது. பேர் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பேர் 'கை'.

"கை வந்தாச்சா?" என்பார். "கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு."

வேலை இதுதான். பெரியவரிடம் ஒரு அலமாரி நிறைய வாட்ச் இருந்தது. எல்லாம் ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு இருக்குமாம். கட்டியவன் கை ஆட ஆட அது சுழன்று, வாட்சுக்குச் சாவி கொடுக்கும். இரண்டு நாள் கட்டாமல் விட்டால் நின்றுபோகும். மற்ற பணக்காரர்கள் அதற்கென்று சுற்றுகிற பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். பெரியவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. அது ட்யூப் வழியாகச் சாப்பாடு ஏற்றுகிற மாதிரி என்பார். வாட்சுக்கு மனுஷக் கைதான் வேண்டும்.

ஆக, மச்சான் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு, இருட்டறைக்குள் கையை வீசி வீசி நடக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் வாட்ச் முகம் வெளுத்துவிடும் என்று அந்த அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. 'உங்க வீட்டுக்காரர் கையை வீசிட்டுப் போய், கையை வீசிட்டு வர்றாராமே' என்று தெருவில் தங்கச்சியைக் கிண்டல் செய்தார்கள். அவளும் சிரித்தாள். சுமை இல்லாத வேலை. சிரிக்க என்ன கேடு?

ஒவ்வொரு வாட்ச் முறை முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. கையை இரண்டு தடவை உதற வேண்டும். பிறகு குனிந்து, மணிக்கட்டைப் பெரியவரின் காதில் வைக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "உயிரோட இருக்கு" என்பார். அடுத்த வாட்ச்.

அவரைப் போலவே வாட்ச் பித்துப் பிடித்தவர்கள் பார்க்க வருவார்கள். 'இது என் கை' என்று மச்சானைக் காட்டுவார். வந்தவர்கள் அவன் மணிக்கட்டைத் தூக்கி, திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒருத்தராவது நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததில்லை. ஒருமுறை மேஜை விளிம்பில் உரசி, செயினில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. சாயங்காலம் வரை கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நிற்க வைத்தார். இறக்கினால் வேலை இல்லை. மச்சான் இறக்கவில்லை.

ஒருநாள் மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டான், இத்தனை வாட்ச் எதற்கு, நேரம் ஒன்றுதானே என்று. பெரியவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"நேரம் பாக்க ஃபோன் போதும்டா. இது என்னை நம்பி இருக்கு. நான் அசைஞ்சா ஓடும், விட்டா செத்துடும். பெத்த பிள்ளை அப்படி இருக்குமா?"

அலமாரிக்குப் போகாத வாட்ச் ஒன்று உண்டு. அது பெரியவரின் விழுந்துபோன இடது கையிலேயே கிடந்தது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. ஓடாது. அந்தக் கைதான் ஆடாதே, வாட்ச் எப்படி ஓடும்? அதையும் கட்டி ஓட்டித் தரட்டுமா என்று மச்சான் நல்ல மனசோடுதான் கேட்டான். பெரியவர் முகம் மாறிவிட்டது.

"இது வேற எவன் கையிலயும் ஓடாது. ஓடக் கூடாது."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்தார்.

மகன், சின்னவர், அழுததாகத் தெரியவில்லை. பிணத்தை எடுப்பதற்கு முன்பே வாட்ச் அத்தனையும் ஒரே ஆளுக்கு விலை பேசிவிட்டார். வாங்குகிறவரும் பித்துப் பிடித்தவர்தான். ஒரே ஒரு நிபந்தனை: வாங்க வரும் அன்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் மச்சானை இன்னும் நாலு நாள் இருக்கச் சொன்னார். மச்சானுக்கும் சந்தோஷம். இடுப்பு தேறியிருந்தது. கை கால் நன்றாக இருந்தால் திரும்பி வரலாம் என்று குடோன் மேஸ்திரி சொல்லியிருந்தார். நாலு நாள். அப்புறம் கொக்கியைப் பிடிக்கலாம்.

சின்னவர் அப்பாவின் கையிலிருந்து அந்த வாட்சைக் கழற்றி மச்சானிடம் நீட்டினார். கழற்றும்போது பிணத்தின் விரல்கள் சில்லிட்டிருந்தன.

வாட்ச் வெதுவெதுப்பாக இருந்தது.

மச்சான் கட்டினான். கட்டிய உடனே ஓட ஆரம்பித்தது. ஆட்டக்கூட இல்லை.

பெரியவர் கை தடித்த கை. அந்த அளவுக்குச் செய்த செயின், மச்சானுக்கு முழங்கை வரை வழுக்கிப் போக வேண்டும். போகவில்லை. அளவெடுத்த மாதிரிப் பிடித்தது.

அன்று மாலை கழற்றி மற்றதோடு அலமாரியில் மல்லாக்க வைத்துவிட்டு வந்தான். மறுநாள் வந்து திறந்தால், அது மட்டும் குப்புறக் கிடந்தது. அதன் முள்ளிலும் எண்ணிலும், ரேடியம் என்று நாங்கள் சொல்கிற பச்சைப் பூச்சு பூசியிருந்தது. முதலில் வெளிச்சம் பட்டால்தான் அந்தப் பூச்சு இருட்டில் மின்னும். அந்த அறையில் ஏது வெளிச்சம்? ஆனாலும் மின்னியது. முந்தின நாளைவிடப் பளிச்சென்று.

சின்னவரிடம் சொன்னான். நல்லதுதானே என்றார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, எதற்குக் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று தங்கச்சி கேட்டாள். குனிந்து பார்த்தான். இடது கை தொடையோரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்தினான். விட்டான்.

மறுபடி ஆடியது.

மூன்றாம் நாள், மத்தியானம். இருட்டறைக்குள் போய், அந்த வாட்சைக் கட்டி, வழக்கம்போலக் கதவைச் சாத்தினான். நடந்தான். சுவரைத் தொட்டான். திரும்பினான். நடந்தான்.

அப்போது ஒரு சத்தம். கிர்ர்... கிர்ர்...

சக்கரம் உருளும் சத்தம்.

பெரியவரின் நாற்காலி அந்த வீட்டிலேயே இல்லை. காலையில்தான் அதை மடக்கி, மச்சானே தூக்கிப் போய் லாரியில் ஏற்றினான்.

நின்றான்.

கால்தான் நின்றது. கை நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது.

கிர்ர்... பக்கத்தில் வந்தது. நின்றது.

கை உதறியது. ஒரு தடவை...

இன்னொரு தடவை.

பிறகு மெல்ல நீண்டது. பக்கவாட்டில். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு.

வலது கையால் பிடித்து இழுத்தான். மூட்டை தூக்கிய உடம்பு. முழுப் பலத்தோடு இழுத்தான். அசையவில்லை.

டிக்... டிக்... டிக்...

வாட்சின் பச்சை வெளிச்சத்தில் ஏதோ தெரிந்தது. ஒரு காது மடல். அதில் நரைமுடி.

மணிக்கட்டில் சில்லென்று பட்டது.

"உயிரோட இருக்கு."

மச்சான் எப்படிக் கதவைத் திறந்தான் என்று அவனுக்கே தெரியாது. வாசல் வரை ஓடியிருக்கிறான். காவலாளி பிடித்துக்கொண்டார். பிடிக்க மாட்டாரா? கையில் வாட்ச் இருக்கிறதே. சின்னவர் வந்து, கட்டிக்கொண்டு எங்கே ஓடுகிறாய் என்று ஓர் அறை விட்டார். மச்சான் அழுதுகொண்டே கழற்றப் பார்த்தான். செயின் பூட்டு திறக்கவில்லை. சின்னவர் முயன்றார். காவலாளி முயன்றார். திறக்கவில்லை. இடுக்கி போட்டு அறுக்கச் சொல்லி மச்சான் காலில் விழுந்தான். கீறல் விழுந்தால் விலை குறைந்துபோகும் என்று சின்னவர் மறுத்துவிட்டார்.

வாங்குகிறவர் வரும் வரை அவனைக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஷெல்ஃபில் சாமான் வைக்கிற மாதிரி. வீட்டுக்கு விடவில்லை. ராத்திரி பூரா கை ஆடிக்கொண்டே இருந்தது.

காலையில் வாங்குகிறவர் வந்தார். அவன் மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கண் கலங்கியதாம். இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றாராம். பிறகு ஒரு விரலால் பூட்டைத் தொட்டார்.

திறந்துகொண்டது.

அதே நொடியில் மச்சானின் கை தொப்பென்று மடியில் விழுந்தது. ஈரத்துணி மாதிரி.

அப்புறம் அது எழவே இல்லை. நரம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றார் டாக்டர். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றார் மேஸ்திரி. தங்கச்சி மறுபடி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.

நான் பார்த்தது இனிமேல்தான்.

மூன்று வாரம் இருக்கும். பகல் பதினொரு மணி. நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கதவு தட்டினார்கள். வாட்சை வாங்கினவரின் டிரைவர். அன்றைக்கு வண்டி வீடு போய்ச் சேருவதற்குள் வாட்ச் நின்றுவிட்டதாம். ஐயா கட்டிப் பார்த்தாராம், அவர் தம்பி கட்டிப் பார்த்தாராம், இந்த டிரைவர் கையிலும் கட்டித் தெருவில் ஓட விட்டார்களாம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பெரியவரின் வாட்சுகளைப் பார்த்துவந்த ரிப்பேர்காரரிடமே கொண்டு போயிருக்கிறார்கள்.

"திறந்து காட்டினாரு. உள்ள அந்தத் தகடே இல்ல."

"திருடிட்டாங்களா?" என்றாள் தங்கச்சி.

"இல்லம்மா. எடுத்ததே அந்த ரிப்பேர்காரர்தான். பெரியவருக்குக் கை விழுந்த மறுநாளே வீட்டுக்குக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிட்டாராம். இனி எவன் கட்டினாலும் ஓடக் கூடாதுன்னு. அது ஏழு வருஷம் ஆச்சு."

"அப்ப இவர் கையில ஓடுச்சே?"

"அதுதான் எங்க ஐயாவுக்கும் வேணும். தகட்டைத் திருப்பிப் போடறேன்னாரு ரிப்பேர்காரர். ஐயா விடல. தகடு இருந்து ஓடுற வாட்ச் ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்காம். தகடே இல்லாம ஓடுறது அவர்கிட்ட மட்டும்தான் இருக்கணுமாம்." டிரைவர் எட்டி உள்ளே பார்த்தார். மச்சானின் முகத்தை இல்லை. "இடது கை போனா போகட்டும். வலது கை நல்லாத்தானே இருக்கு?"

தங்கச்சி கதவை அறைந்து சாத்தினாள்.

எனக்குத் தலைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. வேறு எவன் கையிலும் ஓடாத வாட்ச். மச்சான் கட்டியதும் ஓடியது. அப்படியானால், அன்றைக்கு வாட்ச் கட்டியிருந்தது... யார் கை?

மச்சானைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இடது கை மடியில் கிடந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அதில் ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

அவன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது.

அது ஒரு தடவை உதறியது.

இன்னொரு தடவை.