கவுஸ் பாஷாவின் நாலு வருஷப் பங்கு

தர்மபுரியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த கவுஸ் பாஷாவுக்கு உடம்பில் ஒரு நோயும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே உபாதை பஞ்சர் கடை மாதையன்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் எட்டுப் பேர் சேர்ந்து மூன்று லாரி வாங்கிக் கம்பெனி தொடங்கியபோது, பாஷாவும் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பங்கு எடுத்தார். வருஷத்துக்கு இருநூறு லாபம் வந்தது. போட்ட பணம் திரும்ப ஐந்து வருஷம் ஆகும் என்பதால் அதை 'அஞ்சு வருஷப் பங்கு' என்பார்கள் கூட்டாளிகள். ஆயுதபூஜையன்று பங்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, லாபத்தைப் பொரியோடு கொடுப்பது அங்கே வழக்கம்.

அறுபத்தெட்டில் மழை பொய்த்தது. காரிமங்கலம் சந்தைக்கே சரக்கு வரவில்லை. பங்குக்கு ஐம்பதுதான் தேறியது, விலையும் எண்ணூறுக்கு இறங்கியது.

"எண்ணூறுக்கு அம்பதா? பதினாறு வருஷம்! அதுவரைக்கும் எவன் இருப்பான்?" என்று பாஷா பங்கை விற்றார். வாங்கியவன் மாதையன். ஏமாந்தான் பயல் என்று அன்று முழுக்கச் சிரித்தார்.

அடுத்த வருஷமே மழை கொட்டியது. லாபம் இருநூறு, முன்னூறு என்று ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் புதுத் தார்ப்பாய் கட்டப் போகிற பாஷாவின் காதில் "மாதையன்!" என்ற கூப்பாடு விழும். வயிறு எரியும். மாதையன் மோட்டார் சைக்கிள் வேறு வாங்கித் தொலைத்தான். அந்தச் சத்தம் தெருவில் கேட்டாலே பாஷா ஊசியை விரலில் ஏற்றிக்கொள்வார்.

எழுபத்துமூன்றில் லாபம் அறுநூறு, விலை இரண்டாயிரத்து நானூறு. மாதையனே விற்க வந்தான்.

"நாலே வருஷம், ஜான் பீ! இவ்ளோ மலிவா எப்பவும் வந்ததில்ல" என்று மனைவியிடம் குதித்தார் பாஷா.

"அவ்ளோ நல்லா ஓடறத அவன் ஏங்க விக்கறான்?" என்றாள் அவள். யார் கேட்டது? வீடு கட்ட வைத்திருந்த பாப்பாரப்பட்டி ரோட்டு மனையை விற்றுப் பங்கை வாங்கினார்.

டீசல் விலை ஏறியது. அடுத்த ஆயுதபூஜையில், ஆறு வருஷமாக ஏங்கிய "கவுஸ் பாஷா!" கேட்டது. கைக்கு வந்தது நூறு ரூபாய். பொரி மட்டும் நிறையவே வந்தது.

டயர் மாட்ட வந்திருந்த மாதையன் மெல்லப் பக்கத்தில் வந்தான். "பாய், ஆயிரத்தி ஐநூறுக்கு நானே எடுத்துக்கட்டுங்களா? பதினஞ்சு வருஷப் பங்கு. வேற எவனும் வாங்க மாட்டானுங்க."

'சரி' என்ற சொல் பாஷாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தார். அறுபத்தெட்டில் வைத்திருந்த அதே சாது முகம். லாபம் விழுந்த வருஷம் வாங்குகிறான், ஏறிய வருஷம் விற்கிறான், பாவி! இது தன் மண்டைக்கு எட்டவில்லையே என்று இன்னொரு தடவை எரிந்தது.

"தரமாட்டேன் போடா."

"ஏன் பாய், வருஷக் கணக்குப் பாத்தா..."

"கணக்கு கெடக்குது. நீ கேக்கற இல்ல? அதுக்கே தரமாட்டேன்."