அம்மாவின் விரல்

ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வந்த மகன் சாம்பார் பொட்டலத்தைப் பிரித்தான். ரப்பர் பட்டென்று அறுந்தது. நான் சட்டென்று கையை நீட்டிவிட்டேன்.

“இன்னாம்மா, ரப்பர்தான?” என்றான்.

எழுபதுகளில், படப்பை மாதா கோயில் பேண்டு செட்டில் அப்பா கிளாரினெட் வாசித்தார். அவருடைய இடது மோதிர விரலை மாவு மில் பெல்ட் பறித்திருந்தது. அந்த விரல் மூடவேண்டிய துளைக்கு, சைக்கிள் கடைக்காரர் பித்தளை மூடி ஒன்றைக் கம்பியோடு பற்றவைத்துக் கொடுத்தார். சுண்டுவிரலால் கம்பியை அழுத்தினால் மூடி துளையை அடைக்கும். விட்டால் ஒரு ரப்பர் அதைத் திரும்ப இழுக்கும். வெயிலில் ரப்பர் இளகி அறுந்தால் வாத்தியம் கிறீச்சிடும்.

“இன்னொரு வாட்டி கிறீச்சுனா வேற ஆளத்தான் பாக்கணும்” என்று பேண்டு மாஸ்டர் சொல்லியிருந்தார்.

மாதா தேரன்று நானும் அம்மாவும் அப்பாவை ஒட்டியே நடந்தோம். ஜெபமாலை அம்மாவின் கையில் இருந்தது; கண் ரப்பரில் இருந்தது. தேர் திரும்பும்போது அது அறுந்தது. மூடி தொங்கியது. அப்பாவின் முகம் வெளுத்தது.

அம்மா ஜெபமாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு, கையை நீட்டித் தன் விரலால் துளையை மூடினாள். தினமும் அடுப்படியில் கேட்ட பாட்டு. எங்கே மூடுவது, எங்கே எடுப்பது என்று அவளுக்குத் தெரியும். ஊரே பார்க்க, கோயில் வாசல்வரை அப்படியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், “இனிமே ரெண்டு ரப்பரா மாட்டுங்க” என்றாள்.

மகன் சட்னிப் பொட்டலத்தை எடுத்தான்.

“இரு, அத நான் பிரிக்கிறேன்” என்றேன்.