நூலைப் படிக்கும் வெளிச்சம்

இந்த ஊரில் தெருமுனைதோறும் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் தபால் பெட்டி என்று நினைத்து, அதில் கடிதம் போடப் பார்த்தேன். பழைய துணி போடுகிற பெட்டியாம். துவைத்து மடித்து, சிலர் இஸ்திரிகூடப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். வேண்டாத துணிக்கு இவ்வளவு மரியாதையா என்று வாயடைத்துப் போனேன்.

அந்தத் துணிகள் போய்ச் சேரும் ஆலையில்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். அங்கே இருக்கும் மெஷினை ஊரில் இருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்வது? பெல்ட்டில் ஓடிவரும் சட்டைமேல் ஒரு வெளிச்சம் விழும். இமைப்பதற்குள் பருத்தியா, பாலியஸ்டரா, கம்பளியா என்று கண்டுபிடித்து, புஸ்ஸென்று காற்றை ஊதி அந்தந்தக் கூடைக்குத் தள்ளிவிடும். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருடம், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றவள். துணியில் சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவோம். காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலானால் பருத்தி, உருகிக் கறுப்பு உருண்டையாகத் திரண்டால் பாலியஸ்டர். அதைத் தொடாமல், கொளுத்தாமல் வெறும் வெளிச்சம் சொல்லிவிடுகிறது. முதல் வாரம் வேலையை மறந்து பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்ததற்குத் திட்டும் வாங்கினேன்.

மூன்றாவது வாரம் ஒரு குழந்தைச் சட்டை வந்தது. நெஞ்சில் பெரிய யானைப் படம். லேபிளில் இந்தியா என்றும் முழுக்கப் பருத்தி என்றும் இருந்தது. கழுத்துப் பட்டியைப் பார்த்ததுமே எங்கள் ஊர் வேலை என்று தோன்றிவிட்டது. மெஷினோ அதைப் பாலியஸ்டர் கூடைக்குத் தள்ளியது. எங்கள் ஊர்க்காரர்களைப் பொய்யர்கள் என்று சொன்னதுபோல் சுருக்கென்றது. சட்டையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய், ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி, சாமி விளக்கேற்ற வாங்கிக் கைப்பையில் வைத்திருந்த லைட்டரால் கொளுத்தினேன். கறுப்பு உருண்டை. முகம் சுண்டுவதற்குள் ஆலை முழுக்க அபாய மணி அலறியது.

எல்லோரும் வெளியே மழையில் நின்றார்கள். நான் சிகரெட் பிடித்ததாகவே மேற்பார்வையாளர் ஆனெக் முடிவுகட்டிவிட்டாள். இல்லை, நூலைத்தான் கொளுத்தினேன் என்றேன். அதற்கு சிகரெட்டே தேவலை என்பதுபோல் பார்த்தாள். வேலை போனது என்றே நினைத்து, திருப்பூரில் டெய்லராக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி அழுதேன்.

"ஏங் கண்ணு, ஓரத்துல உருவுனா அது தையல் நூலாச்சே. காட்டன் துணியானாலும் தைக்கறது பாலியஸ்டர்லதான? எட்டு வருசம் செக்கிங்ல நின்னு என்னத்தப் பாத்த?" என்றாள்.

பதற்றத்தில் அதுகூட மறந்திருக்கிறது. அப்போதுதான் கையோடு கொண்டுவந்திருந்த சட்டையின் யானைப் படத்தைத் தடவிப் பார்த்தேன். தடித்த ரப்பர் பிரிண்ட். வெளிச்சம் விழுந்தது துணிமேல் அல்ல, அதன்மேல்; அதனால்தான் மெஷின் ஏமாந்திருக்கிறது. உள்ளே போனதும் ஆனெக்கிடம் கெஞ்சி, சட்டையின் உள்பக்கத்தை வெளியே புரட்டி மறுபடி பெல்ட்டில் விட்டேன். பருத்திக் கூடையில் போய் விழுந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. ஆனெக் இன்னும் இரண்டு பிரிண்ட் சட்டைகளைப் புரட்டி விட்டுப் பார்த்தாள்.

"இனிமேல் நீ பெல்ட்டின் முன்னால் நில். பிரிண்ட் உள்ளதையெல்லாம் புரட்டிப் போடு. இப்போது லைட்டரைக் கொடு" என்றாள்.

பருத்திக் கூடையில் விழுவதைப் பிய்த்துப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்குகிறார்கள். அந்த நூல் எங்கே போகும் என்று ஆனெக்கிடம் கேட்டேன். பல நாடுகளுக்கு, இந்தியாவுக்கும்தான் என்றாள். அப்படியானால் அந்தக் குட்டிச் சட்டை எங்கள் ஊர் நிட்டிங் மெஷினில் திரும்ப ஏறலாம், அக்காவின் கைக்கே போகலாம். அந்தச் சட்டைமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடைக்குள் கைவிட்டு அதை ஒருமுறை தடவிவிட்டு, பெல்ட்டுக்கு வந்து அடுத்த சட்டையைப் புரட்டினேன்.