ஆமென் சொல்லாத நாலு நாள்

எங்கள் வீட்டில் சோறு வெந்தால் மட்டும் போதாது. ஆமென் சொல்கிற வாய்க்குத்தான் தட்டு வரும். விளக்கு வைத்ததும் பாயை விரித்து உட்காருவோம். அப்பா ஜெபிப்பார், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அம்மா, தங்கை, நான் மூவரும் ஆமென் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கட்டட வேலையில் கலவை சுமந்துவிட்டு வருகிறவர், ஜெபத்தில் மட்டும் அவசரப்படமாட்டார்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை சமயத்தில் நான் அந்த ஆமெனை நிறுத்தினேன்.

காரணம் பெரியப்பா. திருக்கழுக்குன்றம் போகிற சாலையோரக் காலனியில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். கரண்ட் மீட்டர் அவர் பெயரில். சுவரைத் தாண்டி வந்த ஒரு வயரில்தான் எங்கள் ஒற்றை பல்பு எரிந்தது. எங்கள் பரம்பரையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த முதல் ஆள் நான் என்பதால், அந்த பல்பு எனக்கே எழுதிக்கொடுத்தது மாதிரி நினைத்திருந்தேன். பெரியப்பா குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்ததை அம்மா நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டாள். மறுநாள் எனக்குப் பரீட்சை. அவர் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார்.

“உம்புள்ள படிச்சி இன்னா, கலெக்டரா ஆவப் போறானா? பகல்ல படிக்கச் சொல்லு!”

அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அப்பாவின் ஜெபத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. “எங்க அண்ணன ஆசீர்வதியும் ஆண்டவரே. அவரு மேல எங்களுக்கு ஒரு கசப்பும் இல்ல.”

தங்கை ஆமென் என்றாள். அம்மா சோறு குழைந்துவிடும் என்று அடுப்படிக்கு எழுந்து போயிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். “சொல்லுடா.”

“மாட்டேன் நைனா. எனக்குக் கசப்பு கீது. ஆண்டவருகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?”

“அப்ப உனக்குச் சோறு கெடையாது.”

“சும்மா வாயால சொல்லிடுண்ணா,” என்றாள் தங்கை. “ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே!”

சொல்லவில்லை. பசியோடு படுத்தேன். காலையில் அம்மா சட்டி வழியப் பழைய சோறு வைத்தாள். அடுத்த இரண்டு நாளும் அப்படியே: அந்த வரி வந்தது, அம்மா அடுப்படிக்குப் போனாள், நான் வாயை மூடிக்கொண்டேன். காலையில் மறுபடியும் சட்டி வழியச் சோறு. பட்டினி கிடப்பது இவ்வளவு லாபமா என்று எனக்கே ஆச்சரியம். பரீட்சைதான் சரியாகப் போகவில்லை. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் பெரியப்பா வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

நாலாம் நாள் அப்பா சலித்துப்போனார். “அப்ப நீயே ஜெபம் பண்ணு. எது நெசமோ அதச் சொல்லு.”

நான் கண்ணை மூடவில்லை. “ஆண்டவரே, பெரியப்பா செஞ்சது அநியாயம். அத இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா படிக்க ஒக்காந்தா அவரு மூஞ்சிதான் வருது, ஒரே பேஜாரா கீது. என்னால அவரத் தூக்கினு திரிய முடியல. இந்தா, நீயே வெச்சிக்க. எனக்கு நாளைக்குச் சமூக அறிவியல்.”

“ஆமென்!” என்றாள் அம்மா. அன்று அவள் அடுப்படிக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அப்பா மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத் தட்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா மீன்குழம்புக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். “பெரியப்பாகிட்ட குடுத்துட்டு வா. ஒண்ணும் பேசாத.” கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கிண்ணம் கழுவாமலே திரும்பி வந்தது. வயர் வரவே இல்லை. எங்கள் பெயரில் மீட்டர் வரும்வரை மெழுகுவர்த்திதான். ஆனால் சமூக அறிவியல் புத்தகத்தில் பெரியப்பா இல்லை. வெறும் ஆறுகளும் மலைகளும்தான் இருந்தன.

மொத்த வீட்டையும் தனியாக எதிர்த்து நின்று ஜெயித்தேன் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு அம்மா கடைசியில்தான் சாப்பிடுவாள், யாரும் பார்க்கமாட்டோம். அந்த வரி வரும்போதெல்லாம் அடுப்படிக்குப் போன அவளும் ஆமென் சொல்லவில்லை என்பதும், அந்த நாட்களில் காலையில் என் சட்டியில் வழிந்தது இரண்டு பேருடைய சோறு என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.