அம்புக்குறி சொல்லாத கிணறு

தினமும் காலையில் நடந்த தூரத்தை நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் வழக்கம். அதற்காகவே ஜிபிஎஸ் கைக்கடிகாரம் வாங்கினேன். சென்ற மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆரம்பாக்கம் வயல்வெளியில் இரண்டு கிலோமீட்டர் தாண்டியபோது பனி மூடிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஏழு மணிக்குத் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ். அதைத் தவறவிடக் கூடாதே என்று, கடிகாரத்தில் ‘புறப்பட்ட இடத்துக்குத் திரும்பு’ என்பதை அழுத்தினேன்.

அம்புக்குறி, நான் வந்த பாதையை விட்டுத் தரிசின் குறுக்கே காட்டியது. குறுக்கு வழி போலிருக்கிறது என்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வேகமாக நடந்தேன்.

“அட, நில்லுப்பா! எதிர்ல கெணறு கீது!”

அப்படியே நின்றேன். நாலடி முன்னால், சுற்றுச்சுவரே இல்லாத பாசனக் கிணறு. விளிம்பைப் புல் மூடியிருந்தது. மோட்டார் போட வந்திருந்த அம்மா ஒருவர் பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார்.

“கைய பாத்துக்கினே போறியே நைனா, அந்த வாச்சுக்கு நீச்சல் தெரியுமா?”

“எனக்கே தெரியாதும்மா” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பாதை வரை கூட்டிவந்து விட்டார். பஸ் போய்விட்டிருந்தது, துளியும் வருத்தமில்லை.

கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கும் நான், அதுவரை தொடாத கடிகாரக் கையேட்டை அன்றுதான் படித்தேன். அந்த அம்பு நேர்கோட்டில் திசையை மட்டுமே காட்டுமாம். வந்த தடத்திலேயே திரும்புவதற்கு வேறொரு வசதி இருக்கிறது. இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறேன். திரையை நின்றுதான் பார்க்கிறேன். பனி இறங்கினால் நடை கிடையாது.

அன்றைய நாட்குறிப்பில், தூரம் எழுதும் இடத்தில் “வீடு வந்து சேர்ந்தேன்” என்று மட்டும் இருக்கிறது.