மாமியார் பேயின் கேள்வி

நாடகத்தில் தபால்காரர் வேஷம் போடுபவர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில், பேச்சுவாக்கில்தான் அதைச் சொன்னார். "அன்னிக்கு மட்டும் நீங்க பயந்து ஒதுங்காம இருந்திருந்தா, இந்தப் பேய் வேஷம் உங்களோடதுதான் தையலக்கா."

தையலக்காவின் கை அப்படியே நின்றது. "நான் ஒதுங்கினேனா?"

"மேடையை நெனச்சாலே காய்ச்சல் வருதுன்னு நீங்க அழுததா மருந்துக்கடைக்காரர் சொன்னாரே."

மருந்துக்கடைக்காரர்தான் அந்தக் குடியிருப்பின் நாடகக் குழுவை நடத்துபவர். எந்த நாடகமானாலும் கதாநாயகனும் அவரே. இருபது வருடத்துக்கு முன்பு மாமியார் பேய் நாடகத்தை முதன்முதலில் போட்டபோது, செத்த பிறகும் மருமகனை விரட்டி வேலை வாங்கும் அந்தப் பேய் வேஷத்துக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்த்தவள் தையலக்கா. அரங்கேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் அவளைத் தனியாக அழைத்து, அவள் நடிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை, எல்லாரும் கூடி முடிவெடுத்துவிட்டோம் என்றார். வேஷம் அவருடைய மச்சினிக்குப் போனது.

அன்றிலிருந்து தையலக்கா குழுவில் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. உடை தைத்துத் தந்தாள். பக்கத்திரைக்குப் பின்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுத்தாள். எல்லாருக்கும் பிடிக்காதவள் என்று நம்பியே நாற்பத்தாறு வயதாகிவிட்டது.

அன்று அவள் கோட்டைத் தைத்து முடித்தாள். ஒரு தையல்கூடக் கோணவில்லை. தங்கையிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா கேட்டுடேன் அக்கா" என்றாள் தங்கை.

"கேட்டா, மறந்துபோச்சும்பார். மறக்க முடியாத மாதிரி கேக்கணும்."

அதே நாடகத்தைத்தான் குழு இந்த வருடம் மறுபடியும் போட்டது. பேயாக இப்போது பல் டாக்டரம்மா. மருமகன் வழக்கம்போல மருந்துக்கடைக்காரர். வயது ஏறியதில் அவருக்குப் பக்கத்துக்கு ஒரு வசனமாவது தொண்டையில் சிக்கும். சிக்கினால் உடனே பக்கத்திரையைப் பார்ப்பார்.

சனிக்கிழமை மாலை அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாவது காட்சியில் மருமகன் தனியாக நிற்கிறான். பேய் இன்னும் வரவில்லை. அங்கே அவருக்கு வசனம் மறந்தது. கண் பக்கத்திரைக்குப் போனது. தையலக்கா நோட்டை மூடி மடியில் வைத்தாள். கிசுகிசுக்கவில்லை, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் பேசினாள்.

"மாப்பிள்ளை, நான் ஏன் போனேன்னு ஊர்ல என்ன சொன்னீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேயின் குரல் என்றே நினைத்தார்கள். அவர் முகத்தில் பூசியிருந்த மாவு வியர்வையில் வரிவரியாக இறங்கியது.

"பயந்து ஓடினதா சொன்னீங்களே. நான் பயந்தேனா?"

உள்ளே ஓடவும் வழியில்லை, பேச வசனமும் இல்லை. "இல்ல" என்றார்.

"அப்ப அதைச் சொன்னது யாரு?"

"நான்தான். பொய் சொன்னேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகுதான் தையலக்கா நோட்டைத் திறந்து, விட்ட வசனத்தை மெல்ல எடுத்துக்கொடுத்தாள். பக்கத்தில் நின்றிருந்த தபால்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

திரை விழுந்ததும் மருந்துக்கடைக்காரர் நேராக அவளிடம் வந்தார். "மானத்தை வாங்கிட்டே. இப்ப திருப்தியா?"

"இல்ல. அது மாமியாருக்குச் சொன்ன பதில். உள்ள குழு மொத்தமும் இருக்கு. என் பேரைச் சொல்லி, அவங்ககிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுப் போனார். உள்ளே தபால்காரர் ஒவ்வொருவரிடமாகச் சொல்லத் தொடங்கியிருந்தார். பல் டாக்டரம்மா வந்து தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த நாடகத்தில் நீங்கள் மேடையில் நிற்கவேண்டும் என்றார். தையலக்கா சரி என்றாள். ஆனால் மனம் அவர் சொல்லாமல் போனதிலேயே இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அதே நாடகம் இரண்டாவது நாளாக நடந்தது. ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார் மனுஷன். ஆனாலும் வரிக்கு வரி கண் பக்கத்திரைக்கே ஓடியது. எங்கே சிரிக்க வைக்கவேண்டுமோ அங்கெல்லாம் நடுங்கினார். கூட்டம் கொட்டாவி விட்டது.

தையலக்கா வாயே திறக்கவில்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் லேசாகத் தொண்டையை மட்டும் கனைத்துக்கொண்டாள்.