மொர்ஷெல் தேடிய பிரபாலினி

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பஸ் ஓட்டும் பிரபாலினிக்கு நாற்பத்தாறாவது வயதில் காளான் பைத்தியம் பிடித்தது. சாதாரணக் காளான் அல்ல. வசந்தத்தில் மட்டும் முளைக்கும், தேன்கூடு போன்ற தலையுள்ள மொர்ஷெல்.

முதல் வருடம் மார்ச் மாதத்திலேயே கூடையோடு காட்டுக்குப் போனாள். வெயில் சுள்ளென்றிருந்தது, மண்ணோ ஐஸ்பெட்டி. மண் பத்துப் பாகைக்குச் சூடேறாமல் மொர்ஷெல் தலைகாட்டாது என்று பிறகுதான் வாசித்தாள். அடுத்த வருடம் மண்ணில் குத்தும் வெப்பமானியோடு போனாள். பத்துப் பாகை வந்தது, மழை வரவில்லை. ஏப்ரல் முழுக்க வறண்ட கீழ்க்காற்று.

"மழையிட்டயும் முன்கூட்டியே நேரம் கேட்டு டெர்மின் எடுத்திருக்கவேணும், மறந்துபோனன்," என்று தன்னைத் தானே நக்கலடித்தாள்.

மூன்றாம் வருடம் மூன்று நாள் மழை, பிறகு இரண்டு நாள் இளவெயில். பைன் மரங்களின் கீழே, மணலில், மடிப்பு மடிப்பாகப் பழுப்புக் காளான்கள்! கூடை நிரம்பியது. படமெடுத்துச் சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: "இண்டைக்கு மொர்ஷெல் கறி. எல்லாரும் வாங்கோ."

கணவன் மதீசன் கூடையை எட்டிப் பார்த்தான். "நீர் சாப்பிடும். எனக்கு நாளைக்கு வேலை இருக்கு."

அவனுடைய வாயை அடைக்கவே கூடையை, பறித்த காளான்களைச் சோதித்துச் சொல்லும் ஆலோசகரான ஒரு ஜெர்மன் அம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் ஒன்றை நெடுக்காக வெட்டினார். மொர்ஷெல் என்றால் உள்ளே ஒரே வெற்றிடம் இருக்கும். இதுவோ அறை அறையாக இருந்தது.

"இது லொர்ஷெல். கொடிய நஞ்சு. மணலும் பைனும் இதற்குத்தான் பிடிக்கும். மொர்ஷெலுக்குச் சுண்ணாம்பு மண் வேண்டும். ஆற்றோரம் எஷெ மரங்களின் கீழே பாருங்கள்."

வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், காலுக்குக் கீழே என்ன மண் என்று ஒருநாளும் பார்க்கவில்லை. வெட்கம் காதுவரை ஏறியது. குழுவில் எழுதினாள்: "கறி இல்லை. ஏனெண்டு கேக்காதேங்கோ."

எல்லாரும் கேட்டார்கள். தம்பி முறையான மிதுஷன் மட்டும், "அக்கா, உயிரோட இருக்கிறீங்களோ?" என்றான்.

"ஓம். மானம்தான் போயிட்டுது."

நான்காம் வருடம் ஆற்றோரம் போனாள். ஏழு மொர்ஷெல் கிடைத்தன. நாலை நத்தைகள் முந்தித் தின்றுவிட்டிருந்தன.

"நாலு வருஷத்துக்கு மூண்டு காளான். நான் இப்பிடி பஸ் ஓடினா சனம் அடிச்சே கொல்லும்," என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆலோசகரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு, வெண்ணெயில் நன்றாக வேகவைத்தாள். முதல் துண்டை அவளே வாயில் வைத்தாள். மதீசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் கழித்துத்தான் ஒரு துண்டை எடுத்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ரெண்டு இறால் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."